சைகை தெரிஞ்ச ஆள் கவுண்டருக்கு அந்தப் பக்கமும் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 23 சைகை மொழி தினத்துக்கு மறுநாள் நம்ம மாவட்டப் பக்கத்துல ஒரு போட்டோ போட்டிருந்தீங்க. பிள்ளைங்க பேனர் பிடிச்சு பேரணி போறாங்க, அதிகாரிங்க கொடியசைச்சு தொடங்கி வைக்கிறாங்க. வருஷா வருஷம் இதே போட்டோதான் சார், பேனர்ல இருக்கற வருஷம் மட்டும்தான் மாறுது. போட்டதுக்கு நன்றி, அதுல குத்தம் சொல்ல வரல. ஆனா அந்தப் பேரணியில போன பிள்ளை வளர்ந்து தனியா ஒரு ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீசுக்கோ போனா அங்க அதுகிட்ட பேச யார் இருக்கா, இதை உங்க நிருபர் ஒருத்தர்கூட கொடியசைச்ச அதிகாரிகிட்ட கேக்கலையேன்னுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமா போகும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, விஷயத்தை வெட்டிடாதீங்க.

எங்கம்மா அப்பா ரெண்டு பேருக்குமே காது கேக்காது, பிறவியிலேர்ந்தே. எனக்கும் தங்கச்சிக்கும் நல்லா கேக்கும். எனக்கு முதல்ல வந்தது கைப்பேச்சு, வாய்ப்பேச்சு எங்க ஆச்சிகிட்டயும் தெருவுலயும் கத்துக்கிட்டது. அப்பா டெய்லர், அம்மா வீட்லயே ஜாக்கெட் தைப்பாங்க. எங்க தெருவுல கேட்டீங்கன்னா "அந்த டெய்லர் வீடா"ன்னு எல்லாருக்கும் தெரியும், அளவு ஒரு தடவ எடுத்தா மறு தடவ திருத்த வேண்டியதில்ல, அப்படி ஒரு கை. காது கேக்காதது அவங்க தொழிலுக்கு ஒருநாளும் இடைஞ்சலா இருந்ததில்ல. இடைஞ்சல் எல்லாம் கவுண்டர்லதான்.

ஜி.ஹெச் ஓபி-யில டோக்கன் வாங்கி உக்காந்தா நர்ஸ் பேரைக் கூப்பிடுவாங்க. பேரு கேக்காதவங்க என்ன பண்ணுவாங்க? எங்கம்மா ஒரு வழி வச்சிருக்காங்க, தனக்கு முன்னாடி நம்பர் யார்கிட்ட இருக்குன்னு சீட்டைக் காட்டிக் கேட்டு கண்டுபிடிச்சு அந்த ஆள் பக்கத்துலயே ஒட்டி உக்காந்துக்குவாங்க, அந்த ஆள் எந்திரிச்சா இவங்களும் எந்திரிச்சு கதவுகிட்ட போய் நிப்பாங்க, அந்த ஆள் நடுவுல டீ குடிக்கப் போயிட்டா இவங்க முறையும் சேந்து போச்சு. உள்ள போனா டாக்டர் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே பேசுவார். வாயசைவப் பாத்து பாதிப் பேச்சு பிடிச்சிரலாம்னு வெளியில இருக்கறவங்க நினைக்கிறாங்க, பழகின ஆள் மெதுவா நேரா பாத்துப் பேசினாலே அது கஷ்டம், தமிழ்ல பகரமும் மகரமும் உதட்டுல ஒண்ணுபோலத்தான் தெரியும், "பாலு"ன்னாரா "மாலு"ன்னாரான்னு கண்ணால யார் சொல்ல முடியும். கொரோனா நேரத்துல மாஸ்க் வந்து அந்தக் கொஞ்ச நஞ்சமும் போச்சு.

அடுத்து எல்லாரும் சொல்றது, "எழுதிக் காட்டினா போதுமே". பேனாவும் பேப்பரும் நீட்டிட்டா கடமை முடிஞ்சுதுன்னு நினைப்பு. எங்கம்மா எழுதினா இப்படித்தான் இருக்கும்: "நான் நேத்து வயிறு வலி ராத்திரி தூக்கம் இல்ல மாத்திரை கொடு". வேற்றுமை உருபு, வினைமுற்று எல்லாம் காதுல கேட்டுக் கேட்டு நமக்கு வந்தது, கேக்காத பிள்ளைக்கு அது தானா வராது, சைகை மூலமா உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாதான் வரும். அவங்களுக்கு எழுத்துத் தமிழ் ரெண்டாவது பாஷை. அப்படி இருக்கறவங்ககிட்ட டிஸ்சார்ஜ் சம்மரியையும் வக்கீல் நோட்டீசையும் நீட்டி "படிச்சுப் பாருங்க"ன்னா எப்படி? சைகையில கேட்டுப் பாருங்க, அதே வயித்து வலிய எங்க ஆரம்பிச்சுது, எப்படி சுருட்டிப் பிடிச்சுது, எந்தப் பக்கம் படுத்தா குறையுதுன்னு முகத்தோட சேத்து படம் வரைஞ்ச மாதிரி சொல்லுவாங்க. அதைப் பாக்க அங்க ஆள் இல்ல, அவ்ளோதான்.

அதனால எங்கள மாதிரி பிள்ளைங்க தலையில இந்த வேலை விழும். கேஸ் சிலிண்டர் புக்கிங், ரேஷன் கடை சண்டை, பேங்க் லோன், எல்லாத்துக்கும் நாங்கதான் வாய். அதெல்லாம் கூட பரவால்ல சார். நான் பத்து வயசுல இருக்கும்போது அம்மாவுக்கு ரொம்ப நாளா ரத்தப்போக்கு, ஒரு ஆஸ்பத்திரியில (பேர் வேண்டாம்) டாக்டர் என்னப் பாத்து "தம்பி, கர்ப்பப்பையை எடுக்கணும், அம்மாட்ட சொல்லு, இதுல கையெழுத்து போடச் சொல்லு"ன்னாங்க. பத்து வயசுப் பையனுக்கு கர்ப்பப்பைன்னா என்னன்னு தெரியுமா, அதுக்கு சைகை தெரியுமா? வயித்தைக் காட்டி "உள்ள கெட்டுப் போச்சு, வெட்டி எடுக்கணும்"னுதான் எனக்கு சொல்ல வந்துச்சு. அம்மா கட்டின்னு நினைச்சாங்க, கையெழுத்தும் போட்டாங்க. என்ன எடுத்தாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சது வீட்டுக்கு வந்து பல நாள் கழிச்சு, அவங்க கூடப் படிச்ச சிநேகிதி ஒருத்தங்க ஊர்லேர்ந்து பாக்க வந்து ஃபைலைப் படிச்சு சைகையில சொன்ன பிறகுதான். டாக்டர் மேல கோபம் கிடையாது, வைத்தியம் சரியாத்தான் பாத்தாங்க, அம்மா இன்னிக்கு நல்லா இருக்காங்க. ஆனா ஒரு பொம்பளையோட உடம்பைப் பத்தி அவங்ககிட்ட பேசாமலே அவங்க சம்மதத்தை வாங்கினாங்க, அதை வாங்கிக் குடுத்தது அஞ்சாங் கிளாஸ் படிக்கிற பையன். இது இன்னிக்கும் எத்தனையோ ஆஸ்பத்திரியில நடந்துகிட்டுதான் இருக்கு.

சட்டம் இல்லாம இல்ல. ஐ.நா மாற்றுத்திறனாளி உரிமை ஒப்பந்தத்துல இந்தியா 2007-லயே ஒப்புக்கிட்டு கையெழுத்து போட்டாச்சு, அதுல 9-வது பிரிவுலயே பொது இடங்கள்ல தொழில்முறை சைகை மொழிபெயர்ப்பாளர் வேணும்னு இருக்கு. அதை வச்சு 2016-ல வந்த சட்டத்துல டிவியில சைகை, எழுத்து ஓட்டணும், அரசு வேலையில மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கற 4 சதவீத இடத்துல 1 சதவீதம் காது கேக்காதவங்களுக்குன்னு எல்லாம் இருக்கு. புது சாட்சிய சட்டத்துலயும் 125-வது பிரிவு, பேச முடியாதவங்க சைகையில சாட்சி சொன்னா அது வாய்ச்சாட்சிக்கு சமம், மொழிபெயர்ப்பாளர் உதவியோட வாங்கணும், வீடியோ எடுக்கணும்னு சொல்லுது. 2023-ல சாரா சன்னின்னு காது கேக்காத வக்கீல் ஒருத்தங்க சுப்ரீம் கோர்ட்லயே சைகை மொழிபெயர்ப்பாளர் மூலமா ஆஜரானாங்க, அந்த கிளிப்பை எங்கப்பா எத்தனை பேருக்கு வாட்ஸப்ல அனுப்பினார்னு கணக்கே இல்ல. சுப்ரீம் கோர்ட்ல முடியுது, எங்க ஊர் ஸ்டேஷன்ல பைக் திருட்டு கம்ப்ளைண்ட் குடுக்க முடியல. அப்பாவோட டிவிஎஸ் எக்ஸெல் காணாம போனப்போ "யாராவது பேசறவங்களைக் கூட்டிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் திருப்பூர்ல வேலையில இருந்தேன், லீவு போட்டு வந்துதான் எஃப்ஐஆர் போட்டோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல கேக்கறதுல குறை உள்ளவங்கன்னு நாடு முழுக்க 50 லட்சம் பேர் சொல்லியிருக்காங்க. தேர்ச்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் நாடு முழுக்க சில நூறு பேர்தான். டெல்லியில 2015-ல ஆரம்பிச்ச இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் ரெண்டு வருஷ டிப்ளமோ நடத்துது, 2021-க்குள்ள 10,000 சொல்லுக்கு சைகை அகராதி போட்டுட்டாங்க, அதே வருஷம் திறந்தநிலைப் பள்ளியில சைகை மொழியை ஒரு பாடமாவே கொண்டு வந்தாங்க. எல்லாம் நல்ல வேலைதான். ஆனா அந்த டிப்ளமோவ முடிச்சுட்டு வந்தா வேலை எங்கன்னு கேளுங்க. விழாவுக்கு ஒருநாள் கூலிக்கு கூப்பிடுவாங்க, மேடையில மந்திரி பக்கத்துல நிப்பாட்டுவாங்க, போட்டோ எடுத்ததும் அனுப்பிடுவாங்க. ஆபீஸ்ல கேட்டா "ஆள் கிடைக்கல, அதனால போஸ்ட் போடல"ம்பாங்க, படிக்கிறவங்ககிட்ட கேட்டா "போஸ்ட் இல்ல, எதுக்குப் படிக்கணும்"ம்பாங்க. இப்படியே ரெண்டு பக்கமும் மாறி மாறி கை காட்டிக்கிட்டு இருந்தா எங்க போய் முடியும்.

இவ்ளோ தூரம் வந்ததுக்கு ஒரு பழைய காரணமும் இருக்கு. 1880-ல இத்தாலியில மிலான்ல ஒரு மாநாடு போட்டு, காது கேக்காத பிள்ளைக்கு வாய்ப்பேச்சுதான் சொல்லிக் குடுக்கணும், சைகை கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. ஓட்டு போட்டவங்க கிட்டத்தட்ட எல்லாருமே காது கேக்கறவங்க. அந்தத் தீர்மானம் உலகம் முழுக்க பரவி நம்மூரு வரைக்கும் வந்துச்சு. அப்பா படிச்ச இடத்துல கிளாஸ்ல கையை ஆட்டினா ஸ்கேலால விரல்ல அடி, கையைப் பின்னால கட்டிக்கிட்டு "அ... ஆ..."ன்னு தொண்டையில டீச்சர் விரலை வச்சு அதிர்வு வருதான்னு பாப்பாங்களாம். சைகையெல்லாம் ராத்திரி ஹாஸ்டல்ல, பெரிய பசங்ககிட்ட சின்னப் பசங்க கத்துக்கிட்டது. 2010-ல கனடாவுல வான்கூவர்ல அதே மாநாட்டுக்காரங்க அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிச்சுட்டாங்க. நூத்தி முப்பது வருஷம் கழிச்சு வருத்தம்! ஆனா நம்ம பக்கம் இன்னும் சில பேர், டாக்டர்ங்க உள்பட, "வீட்ல சைகை பண்ணாதீங்க, பிள்ளைக்கு பேச்சு வராது"ன்னுதான் பெத்தவங்களுக்கு சொல்லி அனுப்பறாங்க.

காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது ஆபரேஷன் பண்ணி காதுக்குள்ள வைக்கிற கேக்கற மெஷின், வேண்டாம்னு நான் சொல்லல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு லட்சக்கணக்குல ஆகற அந்த ஆபரேஷனை இலவசமா பண்றாங்க, பெரிய விஷயம், எத்தனையோ குடும்பம் கும்பிடுது. ஆனா ஆபரேஷன் முடிஞ்சா மறுநாள் பிள்ளை பேசாது, வருஷக் கணக்குல தெரபி இருக்கு, மெஷின் ரிப்பேர் இருக்கு, பேட்டரி இருக்கு, கூலி வேலை பாக்கறவங்க அதுக்கு வாராவாரம் பஸ் ஏறி எத்தனை நாள் அலைவாங்க. அது கைகூடி வர்றவரைக்கும் பிள்ளை பாஷையே இல்லாம இருக்கணுமா? சைகையும் குடுங்க, மெஷினும் குடுங்க, பிள்ளைக்கு எது வசப்படுதோ அதைப் பிடிச்சுக்கட்டும். காது கேக்காத பிள்ளைங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல காது கேக்கற அப்பா அம்மாவுக்குப் பிறக்கறதுங்க, வீட்ல ஒருத்தருக்கும் சைகை தெரியாது. எங்க வீட்டுக்கு வர்ற அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர், அறுபது வயசு, கூடப்பிறந்தவங்க நாலு பேர். தன் அம்மாகிட்ட "சாப்பிடு, தூங்கு, பணம், போ" தவிர ஒண்ணும் பேசினதில்லன்னு சொல்லுவார். அந்தம்மா செத்தப்போ எதனால செத்தாங்கன்னு அவருக்கு எங்க வீட்ல வச்சுதான் தெரிஞ்சுது.

பாவம்னு நினைச்சுடாதீங்க சார், அதுக்காக இதை எழுதல. எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பாக்கணும் நீங்க. அப்பா செட்டு பத்து பதினஞ்சு பேர் சேந்துட்டா அரசியல், கிரிக்கெட், எவன் வீட்ல என்ன சண்டைன்னு ரெண்டு கையும் ஓயாது. போயிட்டு வரேன்னு வாசல்ல எந்திரிச்சு நின்னா அங்கேயே இன்னொரு மணி நேரம் ஓடும். மூஞ்சிக்கு நேரா "நீ குண்டாயிட்ட", "முடி கொட்டிருச்சு"ன்னு பட்டுனு சொல்லுவாங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சைகைப் பேர் உண்டு, அப்பாவுக்கு புருவத்துல இருக்கற தழும்பு, எனக்கு சுருட்டை முடி. எம்ஜிஆர்னா தொப்பி, கலைஞர்னா கருப்புக் கண்ணாடி. மெட்ராஸ்ல படிச்சவர் ஒருத்தர் வந்தா அவர் கை வேற மாதிரி போகும், "அது என்ன சைகை, இங்க இப்படித்தான்"னு கிண்டல் பண்ணுவாங்க. கரண்ட் போச்சுன்னாதான் எல்லாம் நின்னு போகும், உடனே யாராவது செல்போன் லைட்டை அடிச்சு பேசறவர் கையில காட்டணும். நான் தொட்டில் பிள்ளையா இருந்தப்போ அம்மா தொட்டில்லேர்ந்து ஒரு நூல் கட்டி தன் கைமணிக்கட்டுல சுத்திக்கிட்டு தூங்குவாங்களாம், நான் அசைஞ்சா அவங்க முழிச்சுக்குவாங்க. இவ்ளோ சாமர்த்தியமா வாழ்றவங்க ஒரு ஆபீஸ் படியேறினா மட்டும் சின்னப் பிள்ளைய கூட்டிட்டு வந்தாதான் பேச முடியும்னு நிக்கிறாங்க.

இப்போ நான் கேக்கறது. தாலுகாவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்னு கேட்டா பணம் இல்லம்பாங்க, ஆளும் இல்ல, தெரியும். ஆனா ஆம்புலன்சுக்கு 108-ம் மருத்துவ ஆலோசனைக்கு 104-ம் இதே தமிழ்நாட்ல ஓடுதே, ஒரு இடத்துல ஷிப்ட் போட்டு உக்காந்துக்கிட்டு மாநிலம் முழுக்க பதில் சொல்றாங்களே, அதே மாதிரி சைகை தெரிஞ்சவங்க இருபது முப்பது பேரை ஒரு ஹால்ல உக்கார வைங்க, ஒவ்வொரு ஜி.ஹெச், கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன்லயும் ஒரு டேப் குடுங்க, காது கேக்காதவர் வந்தா அந்த டேப்ல வீடியோ கால் போகட்டும், இவர் கையில சொல்றதை அந்தப் பக்கம் இருக்கறவர் வாயில சொல்லட்டும். இது ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. மத்திய அரசு பக்கத்துலேர்ந்து 2023-ல இதே மாதிரி ஒரு வீடியோ சேவை ஆரம்பிச்சாங்க, ஆனா நம்ம கவுண்டர்ல உக்காந்திருக்கறவருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதே. அமெரிக்காவுல 1990-ல போட்ட சட்டத்துலயே இப்படி நடுவுல இருந்து பேசிக் குடுக்கற டெலிபோன் சேவை காது கேக்காதவங்களுக்கு கட்டாயம்னு வச்சுட்டாங்க, பின்னாடி அதுவே வீடியோவா மாறுச்சு, செலவு டெலிபோன் கம்பெனிகள்கிட்டேர்ந்து வசூலாகுது. நம்ம அரசாங்கமே காது கேக்காதவங்களுக்கு இலவச ஸ்மார்ட்போன் குடுக்குது. போன் கையில இருக்கு சார், அந்த முனையில எடுத்துப் பேசத்தான் ஆள் இல்ல. 108, முதல்வருக்கு புகார் சொல்ற 1100, சைபர் மோசடிக்கு 1930, இதுல எந்த நம்பரைப் பாத்தாலும் அடிச்சு "ஹலோ" சொல்றவங்களுக்குத்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலின்னா அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டணும்.

இப்போ விழுதுகள்னு மாற்றுத்திறனாளிகளுக்கு சேவை மையம் திறந்துக்கிட்டு வர்றாங்க, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்துல. அதுல சைகை தெரிஞ்ச ஒருத்தருக்கு நிரந்தர வேலை போட்டு வாரத்துல ரெண்டு நாள் பெத்தவங்களுக்கு சைகை வகுப்பு வச்சாங்கன்னா இன்னிக்குப் பிறக்கற பிள்ளையாவது அம்மாகிட்ட பேசும். அந்த வேலையை காது கேக்காதவங்களுக்கே குடுக்கணும், அவங்களைவிட யாருக்கு அந்த பாஷை நல்லா தெரியும்? சைகை வகுப்பு எடுக்க காது கேக்கறவங்களையே தேடறது என்ன நியாயமோ.

உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கு. யூட்யூப்ல தினமும் நியூஸ் போடறீங்க, லட்சம் பேர் பாக்கறாங்க, ஓரத்துல ஒரு கட்டம் போட்டு சைகை காட்ட ஒருத்தரை வச்சா என்ன? தூர்தர்ஷன்ல 1987-லேர்ந்தே காது கேக்காதவங்களுக்குன்னு செய்தி வருது, சின்ன வயசுல எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை அதைப் போட்டா ஒருத்தர் இடத்தை விட்டு நகர மாட்டாங்க. கட்டம் மட்டும் கொஞ்சம் பெருசா வைங்க, சில சேனல்ல தபால் தலை சைஸ்ல வச்சு அதுக்கு மேலயே விளம்பரம் ஓட்டறாங்க. மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகா டெஃப்லிம்பிக்ஸ்ல, அதான் காது கேக்காதவங்களுக்கான ஒலிம்பிக்ஸ்ல, மூணு தங்கம் வாங்கினப்போ எல்லா பேப்பரும் முதல் பக்கத்துல கொண்டாடினீங்க, அந்த செய்தியை எங்கப்பா செட்டுக்கு நான்தான் உக்காந்து வரி வரியா சைகையில சொன்னேன்.

அடுத்த செப்டம்பர்ல பேரணி போட்டோவுக்கு பதிலா ஒண்ணு பண்ணுங்க. உங்க நிருபரை காது கேக்காதவர் ஒருத்தர் கூட ஜி.ஹெச் ஓபி-க்கு அனுப்புங்க, நிருபர் வாயே திறக்கக் கூடாது, சும்மா பாத்துக்கிட்டு மட்டும் வரணும். டோக்கன்லேர்ந்து மருந்து கவுண்டர் வரைக்கும் என்ன நடந்துச்சோ அப்படியே எழுதுங்க. அப்படியே கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கும் போங்க, மனு குடுக்க வர்ற காது கேக்காதவங்களுக்கு யார் பேசிக் குடுக்கறாங்கன்னு பாத்து அதையும் எழுதுங்க. ஆள் வேணும்னா எங்கப்பா வர ரெடி, கேட்டுட்டுதான் எழுதறேன். தீபாவளி நெருங்கினா மட்டும் தையல் வேலை ஜாஸ்தி இருக்கும், அதுக்கு முன்னாடி தேதி சொல்லுங்க. போன் அடிக்காதீங்க, என் நம்பருக்கு வாட்ஸப்ல மெசேஜ் போட்டா அவர்கிட்ட காட்டிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பாளையங்கோட்டை
(பேர், நம்பர் தனியா அனுப்பியிருக்கேன், அதைப் போட வேண்டாம்)